வெளியேறும் வழியை முதலில் பாருங்கள்

கடைக்கோ பள்ளிக்கோ பதிப்பகத்துக்கோ அறக்கட்டளைக்கோ ஓர் இணையதளம் வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது. “வேர்ட்பிரஸில் போட்டுவிடுங்கள். உலகத்தில் பாதிப்பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். இலவசம். எந்த வசதி கேட்டாலும் அதற்கு ஒரு பிளகின் இருக்கும். இன்றைக்குச் செய்துகொடுப்பவர் நாளைக்குப் போய்விட்டாலும் வேறு ஆள் கிடைப்பார்.” சில இடங்களில் வேர்ட்பிரஸுக்குப் பதில் விக்ஸ் என்பார்கள், ஷாப்பிஃபை என்பார்கள், செயலி என்றால் ஃபிளட்டர் என்பார்கள். பெயர்தான் மாறுகிறது. அடியில் ஓடும் நம்பிக்கை ஒன்றே: பலர் தேர்ந்தெடுத்தது பாதுகாப்பானது, வசதிகள் மிகுந்தது சிறந்தது, சட்டென்று தொடங்க முடிவது மலிவானது.

இந்த மூன்று நம்பிக்கைகளையும் மறுக்கவே இதை எழுதுகிறேன். ஓர் இணையதளத்தைக் கட்டுவதற்குச் சில வாரங்கள் போதும். அதைக் காப்பாற்ற வேண்டியதோ பல ஆண்டுகள். அதன் முடிவில், இன்றில்லாவிட்டால் இன்னொரு நாள், அந்தக் கருவியை விட்டு வேறொன்றுக்குப் போயே ஆக வேண்டும். ஆனால் தேர்வு செய்யும்போது நாம் கேட்கும் கேள்விகள் அத்தனையும் முதல் சில வாரங்களைப் பற்றியவை. எத்தனை நாளில் முடியும், எவ்வளவு ஆகும், பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்கிறோம். ஐந்தாவது ஆண்டில் இதை யார் கவனிப்பார், இதை விட்டு நாம் எப்படி வெளியேறுவோம் என்று கேட்பதில்லை. இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை இல்லாத கருவி, எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் தவறான கருவி.

எதிர்த்தரப்புக்கு உரியதை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். வேர்ட்பிரஸ் நல்ல மென்பொருள். டபிள்யூ3டெக்ஸ் கணக்கெடுப்பின்படி உலகின் இணையதளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் அதில் ஓடுகின்றன. அதன் மூலநிரல் திறந்தது. விலை குறைந்த ஹோஸ்டிங்கிலும் ஓடும். நிர்வாகப் பக்கத்தைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். மூன்று உதவி ஆசிரியர்கள் தினமும் செய்தி ஏற்றும் ஓர் இதழுக்கு நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். அந்த மென்பொருளின்மேல் எனக்குக் குறையில்லை. அதை எடுக்கச் சொல்லும் காரணத்தைத்தான் எதிர்க்கிறேன். நூற்றுக்கு நாற்பது என்ற கணக்கு, அந்த மென்பொருள் எத்தனை இடங்களில் நிறுவப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. அவற்றில் எத்தனை தளங்கள் கடைசியாக எப்போது அப்டேட் செய்யப்பட்டன, எத்தனை உரிமையாளர்களுக்குத் தங்கள் தளத்தின் பாஸ்வேர்ட் தெரியும், எத்தனை பேரிடம் வேலை செய்யக்கூடிய பேக்கப் இருக்கிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. ஒரு சிறிய நிறுவனத்துக்கு வேண்டியது இந்தக் கடைசித் தகவல்கள்தான்.

பலர் வைத்திருப்பதால் பாதுகாப்பு என்ற வாதத்துக்கு வேர்ட்பிரஸின் வரலாறே மறுப்பு. 2000களின் தொடக்கத்தில் வலைப்பதிவு எழுதுவோரிடையே பெரும்பெயர் பெற்றிருந்த கருவி மூவபிள் டைப். 2004 மே மாதம் அதை உருவாக்கிய சிக்ஸ் அபார்ட் நிறுவனம் 3.0 பதிப்பை வெளியிட்டபோது உரிம நிபந்தனைகளை மாற்றியது. பல ஆசிரியர்களையும் பல வலைப்பதிவுகளையும் வைத்திருந்தவர்கள் பணம் கட்ட வேண்டிய நிலை வந்தது. ஏராளமானோர் அதை விட்டு, அப்போது ஒரு வயதே ஆகியிருந்த வேர்ட்பிரஸுக்கு மாறினார்கள். மூவபிள் டைப்பின் புகழ் அவர்களுக்கு எந்த வகையிலும் உதவவில்லை. எழுதிய பதிவுகளையும் வாசகர் கருத்துகளையும் சாதாரண உரைக் கோப்பாக வெளியே எடுக்கும் வசதி அதில் இருந்தது. அதுதான் உதவியது. அந்தக் கோப்பை வாங்கிக்கொள்ள வேர்ட்பிரஸ் தன் வாசலைத் திறந்து வைத்திருந்தது.

வேர்ட்பிரஸ் பிறந்த கதையும் இதையே சொல்கிறது. மேட் முல்லன்வெக் அதற்குமுன் பயன்படுத்திக்கொண்டிருந்தது பி2 என்ற சிறிய மென்பொருள். அதை எழுதிய மிஷேல் வால்ட்ரிகி பராமரிப்பை விட்டு விலகிப்போனார். மாதக்கணக்கில் புதிய பதிப்பு எதுவும் வரவில்லை. ஆனால் பி2 ஜிபிஎல் உரிமத்தில் வந்திருந்ததால், அதன் நிரலை எடுத்துத் தொடர யாருக்கும் உரிமை இருந்தது. முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் அப்படி எடுத்துத் தொடர்ந்து, 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸின் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். இன்று பெரும்பான்மையின் அடையாளமாகக் காட்டப்படும் கருவி, கைவிடப்பட்ட ஒரு கருவியை விட்டு வெளியேற வழி இருந்ததால் உண்டானது. அதை எடுத்துக்கொள்ளச் சொல்பவர்கள் அதன் எண்ணிக்கையைக் காட்டுகிறார்கள். அதை உண்டாக்கிய நற்குணத்தை மறந்துவிடுகிறார்கள்.

“வெள்ளை மாளிகையே வேர்ட்பிரஸில் ஓடுகிறது” என்பதும் அடிக்கடி கேட்கும் சான்று. 2017 டிசம்பரிலிருந்து அது உண்மை. அதற்குமுன் 2009 அக்டோபரிலிருந்து அதே தளம் துருபல் என்ற இன்னொரு திறமூலக் கருவியில் ஓடியது. அந்த எட்டாண்டுகளும் துருபலை விற்றவர்கள் இதே வாக்கியத்தைத் துருபலுக்காகச் சொன்னார்கள். வெள்ளை மாளிகையிடமிருந்து நாம் கற்கக்கூடிய ஒன்று உண்டு: அவர்களிடம் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போக ஆளும் பணமும் திட்டமும் இருந்தன. ஒரு தாலுகா ஊரின் புத்தகக் கடைக்கு அவை இல்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த பெயரை நாம் தேர்ந்தெடுப்பதால் அவர்களுடைய ஆட்கள் நமக்கு வந்துவிடப் போவதில்லை.

ஆள் கிடைப்பார் என்பதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதையும் பார்ப்போம். வேர்ட்பிரஸை நிறுவி, தளத்தின் தோற்றத்தை அமைக்கும் ‘தீம்’ ஒன்றை வாங்கிப் போட்டுத் தர எந்த ஊரிலும் ஆள் கிடைப்பார் என்பது மெய். ஆனால் இன்னொருவர் செய்து பாதியில் விட்டுப்போன தளத்தைத் திறந்து, எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் ஆள் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. விலைக்கு வாங்கிய ஒரு தீம், அதோடு சேர்ந்து வந்த பக்க வடிவமைப்புப் பிளகின், படிவத்துக்கு ஒன்று, படச்சுழலுக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று, வேகத்துக்குப் போட்டதால் வந்த சிக்கலைத் தீர்க்க இன்னொன்று என்று இருபது பிளகின் சேர்ந்த பிறகு, அந்தத் தளம் வேர்ட்பிரஸ் என்ற பொதுப்பெயருக்குள் அடங்காது. அது உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருக்கும் தனிக் கட்டுமானம். அதை அறிந்தவர் ஒருவரே. அவர் போய்விட்டார். புதிதாக வருபவர், பெரும்பாலும் நேர்மையாகவே, “இதைச் சரிபண்ணுவதைவிடப் புதிதாகச் செய்துவிடலாம்” என்பார். கோடிக்கணக்கான தளங்கள் அதே மென்பொருளில் ஓடுவது அந்த நேரத்தில் கைகொடுப்பதில்லை.

அடுத்தது, வசதிகள் மிகுந்தது சிறந்தது என்ற நம்பிக்கை. வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வக் களஞ்சியத்தில் சுமார் 60,000 இலவசப் பிளகின்கள் இருக்கின்றன. இதைப் பெருஞ்செல்வமாகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு பிளகினும் நமக்கு முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரல் என்பதையும், அது நம் தளத்தின் தரவுத்தளம் முழுவதையும் தொடும் அதிகாரத்தோடு ஓடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வேர்ட்பிரஸ் தளங்களில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளில் பெரும்பாலானவை அதன் மைய நிரலில் இல்லை. பிளகின்களிலும் தீம்களிலும்தான் இருக்கின்றன.

2011 ஆகஸ்டில் டிம்தம்ப் என்ற சிறிய நிரலில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. படங்களைச் சிறிதாக்கும் நிரல் அது. தீம் விற்பவர்கள் அதைத் தங்கள் தீம்களுக்குள் வைத்தே அனுப்பியிருந்தார்கள். அதன் வழியாக யாரும் சர்வருக்குள் தங்கள் கோப்பை இறக்கி இயக்க முடிந்தது. அந்தத் தீம்களை வைத்திருந்த பலருக்கு அப்படி ஒரு நிரல் தங்கள் தளத்தில் இருப்பதே தெரியாது. இருப்பதே தெரியாத ஒன்றை எப்படி அப்டேட் செய்வது?

2017இல் நடந்தது இன்னும் கவலைக்குரியது. டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்ற பிளகின் சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்தது. அதை எழுதியவர்கள் வேறொருவருக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவர் வெளியிட்ட புதிய பதிப்புகளில் ஒரு கள்ளவழி இருந்தது. தளத்தில் விளம்பரக் குப்பைப் பக்கங்களை அது சேர்த்தது. நிர்வாகியாக உள்ளே நுழைந்தவரின் கண்ணுக்கு அந்தப் பக்கங்கள் தெரியாதபடி மறைத்தும் வைத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அது களஞ்சியத்திலிருந்து கடைசியாக நீக்கப்பட்டது. நேர்மையானவர் என்று நம்பி நாம் நிறுவியதை, நமக்குத் தெரியாமலே இன்னொருவர் விலைக்கு வாங்க முடியும் என்பதே இதன் பாடம்.

தானாகவே அப்டேட் ஆகும்படி வைத்துவிட்டால் போதும் என்பார்கள். மைய நிரலின் சிறு பதிப்புகள் 2013 அக்டோபரில் வந்த 3.7 பதிப்பிலிருந்தே தானாக அப்டேட் ஆகின்றன. பலரை அது காப்பாற்றியிருக்கிறது. பிளகின்களுக்கு அந்த வசதி 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பில் கிடைத்தது, அதுவும் நாமே இயக்கிவிட்டால்தான். பழைய ஓட்டை அடைபட வேண்டுமானால் அப்டேட் தேவை. ஆனால் டிஸ்ப்ளே விட்ஜெட்ஸின் கள்ளவழி தளங்களுக்குள் வந்ததே அப்டேட் மூலமாகத்தான். ஆகவே அப்டேட் செய்யாமல் இருப்பதும் ஆபத்து, கண்ணை மூடிக்கொண்டு செய்வதும் ஆபத்து. இதிலிருந்து வரும் முடிவு எளியது: பிளகின்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், மிஞ்சியவற்றை ஒருவர் பொறுப்பாகக் கவனிக்க வேண்டும். களஞ்சியத்தில் 60,000 இருக்கட்டும். நம் தளத்தில் ஐந்து இருந்தால் போதும். ஐந்துக்குள் முடியாத தேவை என்றால் நாம் எடுத்த கருவியே பொருந்தவில்லை.

திறமூல மென்பொருளில் பூட்டே கிடையாது என்ற எண்ணமும் முழு உண்மை இல்லை. 2024 செப்டம்பரில் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற பெரிய ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் சண்டை மூண்டது. அந்த நிறுவனத்தின் சர்வர்களில் இருந்த தளங்கள் வேர்ட்பிரஸ் களஞ்சியத்திலிருந்து பிளகின் அப்டேட்களைப் பெற முடியாதபடி தடுக்கப்பட்டன. அக்டோபரில், அந்த நிறுவனத்துக்குச் சொந்தமான, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த அட்வான்ஸ்ட் கஸ்டம் ஃபீல்ட்ஸ் பிளகினின் களஞ்சியப் பக்கம் வேறு பெயருக்கு மாற்றப்பட்டுக் கையகப்படுத்தப்பட்டது. டிசம்பரில் கலிஃபோர்னிய நீதிமன்றம் தலையிட்டுப் பழைய நிலையை மீட்க இடைக்கால ஆணை பிறப்பித்தது. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே என் கேள்வி இல்லை. உரிமம் எல்லாருக்கும் திறந்திருந்தும், அப்டேட் வரும் வாசல் ஒன்றாக இருந்தது. அந்த வாசலின் சாவி ஒரு சிலர் கையில் இருந்தது. சண்டையில் எந்தத் தொடர்பும் இல்லாத தள உரிமையாளர்கள் அதன் சுமையைச் சுமந்தார்கள். பெரும்பான்மையோடு இருந்தது அவர்களைக் காக்கவில்லை.

மூன்றாவது, தொடங்க எளிதானது மலிவானது என்ற நம்பிக்கை. விக்ஸ் போன்ற சேவைகளில் ஒரே மாலையில் அழகான தளம் ஒன்றை அமைத்துவிடலாம். மறுக்கவில்லை. ஆனால் அங்கே கட்டிய தளத்தை அப்படியே எடுத்து வேறு சர்வரில் வைக்க முடியாது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. ஒரு திருவிழாவுக்கோ ஒரு மாத விற்பனைக்கோ அமைக்கும் தளத்துக்கு அது குறையே இல்லை. முப்பதாண்டு இதழ்த்தொகுப்பை ஏற்ற நினைக்கும் சிற்றிதழுக்கு அது பெருங்குறை. வேர்ட்பிரஸுக்குள்ளேயே இதே பூட்டு வேறு வடிவில் இருக்கிறது. டபிள்யூபிபேக்கரி போன்ற பக்க வடிவமைப்புப் பிளகின்களில் எழுதிய பக்கங்கள், அந்தப் பிளகினை நிறுத்தியதும் சதுர அடைப்புக்குறிகளும் குறிச்சொற்களும் நிறைந்த குப்பையாக மாறி நிற்கும். எழுதியது நம் எழுத்து. அதை வாசிக்கும் திறவுகோல் அந்தப் பிளகினிடம். வேர்ட்பிரஸின் ஏற்றுமதிக் கோப்பிலும் எழுத்து மட்டுமே வரும். படங்களின் முகவரிகள் இருக்கும், படங்கள் இருக்கா. பழைய ஹோஸ்டிங்கை நிறுத்திய பிறகு இதை அறிந்துகொள்பவர்களுக்குப் படங்கள் போய்விடுகின்றன.

பெரிய நிறுவனத்தின் கருவி என்றால் நிலைக்கும் என்ற எண்ணத்துக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். செயலிகளுக்குப் பின்புலம் அமைத்துத் தந்த பார்ஸ் சேவையை 2013இல் ஃபேஸ்புக் வாங்கியது. 2016 ஜனவரியில் அதை மூடப்போவதாக அறிவித்து, ஓராண்டு அவகாசம் கொடுத்தது. கூடவே சர்வர் நிரலைத் திறமூலமாக வெளியிட்டு, தரவுகளை எடுத்துப்போகும் கருவியையும் தந்தது. பலர் தங்கள் செயலியைப் பெரிதாக மாற்றாமலே வேறு சர்வருக்குப் போக முடிந்தது. கூகுள் 2018இல் எல்லாருக்கும் திறந்துவிட்ட ஆப் மேக்கர், அலுவலகத் தேவைகளுக்கு அதிகம் நிரல் எழுதாமலே செயலி அமைக்கும் கருவி. 2020 ஜனவரியில் மூடல் அறிவிப்பு வந்தது, 2021 ஜனவரியில் மூடப்பட்டது. அதில் கட்டிய செயலிகளை வேறு எங்கும் நேரடியாக மாற்ற முடியாது, புதிதாகக் கட்ட வேண்டும் என்பதே கூகுள் சொன்ன பதில். இரண்டுக்கும் பின்னால் உலகின் மிகப்பெரிய நிறுவனங்கள் இருந்தன. இரண்டுமே மூடப்பட்டன. பயன்படுத்தியவர்களின் கதி வேறுபட்டதற்குக் காரணம், ஒன்றில் வெளியேறும் வழி இருந்தது, இன்னொன்றில் இல்லை.

நன்றாக நடத்தப்படும் திறமூலத் திட்டத்திலும் இந்தச் செலவு வரும். 2011 ஜனவரியில் வந்த துருபல் 7 பல பல்கலைக்கழகங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் அடித்தளமாக இருந்தது. 2015இல் வந்த துருபல் 8 உள்ளமைப்பையே மாற்றியது. பழைய தீம்களும் கூறுகளும் அதில் ஓடவில்லை. மேலேறுவது என்பது ஏறக்குறைய மறுபடி கட்டுவதாக ஆனது. அதனால் பலர் பழையதிலேயே தங்கினார்கள். ஆதரவை நிறுத்தும் தேதி பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, கடைசியில் 2025 ஜனவரி 5 அன்று நிறுத்தப்பட்டது. துருபலைத் தேர்ந்தெடுத்தது தவறென்று நான் சொல்லமாட்டேன். பதினான்காண்டு ஆதரவு என்பது மென்பொருள் உலகில் நல்ல ஆயுள். அந்தப் பதினான்காவது ஆண்டின் செலவை முதல் ஆண்டிலேயே கணக்கில் எழுதாததுதான் தவறு.

செயலிகளைப் பற்றியும் இதே போன்ற ஒரு கூட்ட நம்பிக்கை இருக்கிறது: இனி எல்லாம் செயலிதான், இணையதளம் பழையது என்பது. இந்தியாவில் இதைப் பெரிய அளவில் செய்துபார்த்தவர்கள் உண்டு. 2015 மார்ச்சில் ஃபிளிப்கார்ட் தன் மொபைல் இணையதளத்தை எடுத்துவிட்டு வாடிக்கையாளர்களைச் செயலிக்கு அனுப்பியது. அதே ஆண்டு மே மாதம் மிந்த்ரா கணினித் தளத்தையும் மூடிவிட்டுச் செயலி மட்டும் போதும் என்றது. நவம்பரிலேயே ஃபிளிப்கார்ட், உலாவியில் ஓடும் ஃபிளிப்கார்ட் லைட் மூலம் மொபைல் இணையத்துக்குத் திரும்பியது. மிந்த்ரா 2016 பிப்ரவரியில் மொபைல் தளத்தையும் ஜூனில் கணினித் தளத்தையும் மீண்டும் திறந்தது. பெரும் முதலீடும் பெரும் பொறியாளர் படையும் இருந்தவர்களாலேயே முடியாததை, ஒரு ஜவுளிக்கடை தன் முதல் செலவாகச் செய்ய வேண்டும் என்று சொல்வது நியாயமில்லை. கூகுள், ஆப்பிள் இரண்டு கடைகளின் விதிகளும் ஆண்டுதோறும் மாறும். ஆண்டுதோறும் செயலியைத் தொட்டுப் புதுப்பிக்க ஆள் வேண்டும். வாடிக்கையாளர் வாரத்துக்குப் பலமுறை திறக்க ஒரு காரணம் இல்லாத செயலி, கட்டிய நாளிலிருந்தே செலவு மட்டும்தான்.

அப்படியானால் சரியான தேர்வு எப்படி இருக்கும்? தமிழிலேயே இரண்டு சான்றுகள் இருக்கின்றன. மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதல் நவீன எழுத்து வரை தட்டச்சு செய்து சேர்த்தார்கள். அவர்கள் வெளியிட்டது எளிய ஹெச்டிஎம்எல் பக்கங்களும் பிடிஎஃப் கோப்புகளும். தமிழ்க் கணினி உலகம் அதன்பின் எத்தனையோ எழுத்துருக் குறியீடுகளைப் பார்த்தது. மதுரைத் திட்டமும் தொடக்கக்கால எழுத்துருக்களிலிருந்து டிஸ்கி என்ற குறியீட்டுக்கும், டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கும் போனது. நூல்கள் அழியவில்லை. உரை உரையாகவே இருந்ததால் மாற்ற முடிந்தது. அதே காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகள் பல, தங்களுக்கென்று தனி எழுத்துருக் குறியீடு வைத்துச் செய்திகளை வெளியிட்டன. அந்த எழுத்துரு இல்லாமல் படிக்க முடியாத, தேட முடியாத அந்தப் பக்கங்களில் பெரும்பகுதி இன்று கிடைப்பதில்லை. நிர்வாகப் பக்கமோ பிளகினோ இல்லாத எளிய கோப்புகள் கால் நூற்றாண்டுக்குமேல் நிலைத்திருக்கின்றன.

இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்காக 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இன்னொரு வழியில் சரியாகத் தேர்ந்தெடுத்தது. நூல்களையும் இதழ்களையும் பிரசுரங்களையும் பலர் சேர்ந்து பட்டியலிட வேண்டும், யார் எதைத் திருத்தினார் என்று தெரிய வேண்டும் என்பது அவர்களின் தேவை. அதற்கு விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கியை எடுத்துக்கொண்டார்கள். ஒலிப்பதிவுகள், ஒளிப்படங்கள், காணொளிகள் என்று ஆவணங்களின் இயல்பு விரிந்தபோது, பழைய தளத்தின்மேல் எல்லாவற்றையும் ஏற்றாமல், எண்ணிம ஆவணக் காப்பகங்களுக்கென்றே உருவான ஐலண்டோராவில் ஆவணகம் என்ற தனித்தளத்தை அமைத்தார்கள். வேலையின் இயல்பு கருவியைத் தீர்மானித்தது.

எளிய பக்கங்கள் பழங்காலத்துக்குத்தான் சரி என்று யாரும் சொல்ல வேண்டாம். 2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசின் ஹெல்த்கேர் டாட் கவ் தளம் திறந்தபோது, காப்பீட்டுக்குப் பதிவுசெய்யும் பகுதி படுத்துவிட்டது. முதல் நாளில் பதிவை முடித்தவர்கள் ஆறு பேர்தான் என்பது பின்னர் வெளிவந்தது. அதே தளத்தில் விவரங்களைப் படிக்கும் பகுதி, முன்கூட்டியே எளிய ஹெச்டிஎம்எல் கோப்புகளாக உருவாக்கப்பட்டு வைக்கப்பட்டிருந்தது. அந்தச் சரிவுக்கு அது காரணமாக இல்லை. மாறாத பக்கங்களை மாறும் பரிவர்த்தனைகளிலிருந்து பிரித்து வைப்பது ஓர் அரசுக்குப் பொருந்தும், ஒரு கடைக்கும் பொருந்தும். பெயர், முகவரி, வேலை நேரம், பொருட்களின் பட்டியல், தொடர்பு எண் என்று ஆண்டுக்கு இரண்டுமுறை மாறும் பக்கங்களுக்குத் தரவுத்தளமும் பாஸ்வேர்டும் இருபது பிளகினும் எதற்கு?

“கடைக்காரர் ஹெச்டிஎம்எல் எழுதுவாரா?” என்று கேட்பார்கள். எழுத வேண்டியதில்லை. ஆண்டுக்கு இரண்டுமுறை மாற்ற ஒருவருக்குச் சிறு தொகை கொடுக்கலாம். ஆண்டு முழுவதும் அப்டேட்டும் பாதுகாப்பும் பார்க்கும் செலவைவிட அது குறைவு. தினமும் மாற்றுபவருக்கு உள்ளே நுழைந்து எழுதும் வசதி கட்டாயம் வேண்டும். அவர் வேர்ட்பிரஸை எடுக்கட்டும், ஆனால் அதைக் கவனிக்க ஒரு பெயரையும் ஒரு தொகையையும் குறித்துக்கொண்டு எடுக்கட்டும். கவனிக்கும் பொறுப்பை ஒரே இடத்தில் வைப்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. தமிழ்நாட்டின் மாவட்ட நிர்வாகத் தளங்கள் தேசியத் தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் தளத்தில் இயங்குகின்றன. மென்பொருளையும் பாதுகாப்பையும் மையம் பார்த்துக்கொள்கிறது, ஆட்சியர் அலுவலகம் செய்தியையும் அறிவிப்பையும் பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனியாக ஒரு தளத்தைக் கட்டிக் கைவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் சிலவற்றை எழுத்தில் வாங்குங்கள். டொமைன் பெயர் உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவாக வேண்டும். செய்துகொடுத்தவரின் கணக்கில் டொமைனை விட்டுவைத்து, அவர் தொடர்பு அறுந்தபின் பல ஆண்டு முகவரியை இழந்த நிறுவனங்கள் நம் ஊர்களில் ஏராளம். காலாவதியான பெயரை மீட்கும் அவகாசம் குறுகியது, அது தாண்டினால் யாரும் வாங்கிக்கொள்ளலாம். ஹோஸ்டிங்கின் முதன்மை பாஸ்வேர்ட் உங்களிடம் இருக்க வேண்டும். எழுத்தும் படங்களும் யூனிகோடு உரையாகவும் சாதாரணப் படக் கோப்புகளாகவும் மாதம் ஒருமுறை உங்கள் கைக்கு வர வேண்டும். பயன்படுத்தும் தீம், பிளகின் ஒவ்வொன்றின் பெயரும், அது எதற்காக என்பதும் ஒரு தாளில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்துகொடுப்பவரிடம் ஒரு வேலையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்: இந்தத் தளத்தின் ஐம்பது பக்கங்களை வெளியே எடுத்து, வேறோர் இடத்தில் திறந்து காட்டட்டும். முடியும் என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

இந்தச் சோதனையில் வேர்ட்பிரஸ் தேறினால் வேர்ட்பிரஸை எடுங்கள். துருபல் தேறினால் துருபலை எடுங்கள். நூறு எளிய ஹெச்டிஎம்எல் பக்கங்கள் தேறினால், “இவ்வளவுதானா?” என்று யார் கேட்டாலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் எத்தனையாவது இடம், எத்தனை கோடித் தளங்கள், எந்த அதிபர் மாளிகை என்பவை விற்பவர்களின் கணக்குகள். உங்கள் ஐம்பதாண்டுக் கடையின் பெயரும், உங்கள் இதழின் பழைய தொகுதிகளும், உங்கள் பள்ளியின் பதிவுகளும் உங்களுடையவை. அவற்றை எந்தக் கருவியில் வைத்தாலும், ஒருநாள் எடுத்துக்கொண்டு போகும் உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள்.